தேய்த்துப் பழசாக்கிய துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். அதே வீட்டில் நான் ஒரு துப்பாக்கி செய்தேன். கொஞ்சமாவது புத்தி இருந்திருந்தால் இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்திருக்காது.

போலீஸ்காரர் என் அண்ணன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், அப்போது கார்ப்பரல். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் புதிதாகக் கிடைத்த மூவறை வீட்டில், எட்டாவது மாடியில், நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். எழுபதுகளின் கடைசி. நான் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ரேடியோ பலகைகளில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு அந்த வருடம் சார்ஜன்ட் பதவி வர வேண்டியிருந்தது. பங்குக் கோயிலில் பார்க்கிறவர்களெல்லாம், "என்ன, மூணாவது கோடு எப்ப?" என்று அவர் தோளைத் தட்டுவார்கள். அவர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். பெண் பேசி முடித்திருந்தும், சட்டைக் கையில் அந்த மூன்றாவது கோடு விழுந்தால்தான் கல்யாணம் என்று வேறு சொல்லி வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை ஃபேக்டரித் தோழிகளோடு விண்வெளிப் படம் ஒன்று பார்க்கப் போனேன். அவர்கள் கதாநாயகனைப் பார்த்தார்கள். நான் அவன் கையில் இருந்ததைப் பார்த்தேன். வேறு கிரகத்துத் துப்பாக்கியாம். ஆனால் அதன் பிடி, கல்யாண வீடுகளில் ஃபோட்டோகிராபர் பக்கவாட்டில் தூக்கிப் பிடிப்பாரே, அந்தப் பழைய ஃபிளாஷ் விளக்கின் பிடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ ஒருவர் பழைய சாமான்களைப் பொறுக்கி ஒட்டிவிட்டு உலகத்தையே ஏமாற்றுகிறார்! அதே படத்துக்கு இன்னும் இரண்டு தடவை தனியாகப் போனேன். இருட்டில் டிக்கெட்டின் பின்புறம் படம் வரைந்து கொண்டேன். என்னால் முடியுமா என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு ஏதாவது பெரிய காரணம் இருந்திருந்தால் பிறகு இன்ஸ்பெக்டரிடம் சொல்லவாவது உதவியிருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சிராங்கூன் ரோட்டில் மளிகை வாங்குவேன். அப்படியே நடந்து சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்குப் போவேன். அங்கே தரையில் விரித்த தார்ப்பாயில் கிடைக்காத சாமான் இல்லை. ஃபிளாஷ் பிடி மூன்றாவது வாரம் கிடைத்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் பித்தளைக் குழாய் சுடுகுழல் ஆனது. மேலே குறிபார்க்க, உடைந்த பைனாகுலரின் ஒரு பாதி. பக்கத்தில் தையல் மெஷினின் திருகு, சைக்கிள் டைனமோவின் மூடி. வெங்காயத்துக்கு அடியில் இவற்றை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன்.

சேர்த்து முடித்ததும் அது பொம்மை மாதிரிதான் இருந்தது. பழசாக்கினால்தான் உயிர் வரும். பொருள் எங்கே தேயும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும், அண்ணனின் பெல்ட்டுக்கும் பூட்ஸுக்கும் பாலிஷ் போடுகிறவள் நான்தானே! கை படுகிற இடம் தேயும், உறையில் உரசுகிற விளிம்பு தேயும், மூலைமுடுக்கில் அழுக்கு சேரும். முதலில் வெள்ளிப் பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு அதன்மேல் கறுப்பு அடித்தேன். விளிம்புகளில் மட்டும் ஈர உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தேன். கறுப்புக்கு அடியிலிருந்து வெள்ளி எட்டிப் பார்த்தபோது, பத்து வருடம் யாரோ இடுப்பில் சொருகிக்கொண்டு அலைந்த இரும்பைப்போல ஆகிவிட்டது. திருகுகளைச் சுற்றி ஷூ பாலிஷ், பிடியில் தேயிலைச் சாயம். கடைசியாகக் குழாயின் வாயில் மெழுகுவர்த்திப் புகை காட்டினேன். நிறையச் சுட்ட துப்பாக்கி மாதிரி கரி படிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ரசித்தது ஒரு வாரம்தான். அதன் பிறகு அதைப் பார்க்கவே பயந்தேன். துப்பாக்கி என்றால் தூக்கு என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. போலித் துப்பாக்கிக்கும் ஜெயில் உண்டு என்பதை அண்ணன் வாயாலேயே கேட்டிருக்கிறேன். இதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். அண்ணன் சோற்றைப் பார்த்திருக்கிறாரே தவிர அரிசியைப் பார்த்ததில்லை. இருந்தாலும் அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தால் டின்னுக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பொம்மை செய்வது எந்தக் கட்டளைக்கு எதிரான பாவம் என்று தெரியாததால், கோபப்பட்டேன் சாமி என்று வழக்கமானதையே சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் சாப்பிடும்போது அண்ணன் சொன்னார்.

"பக்கத்து ஏரியாவுல டாக்சிக்காரர் ஒருத்தர மிரட்டிக் கொள்ளையடிச்சிருக்கானுங்க. பொய்த் துப்பாக்கின்னு பேசிக்கிறாங்க."

"பொய்த் துப்பாக்கிதானேண்ணே?"

"பொய்யோ நிஜமோ, மிரண்டவனுக்கு ஒண்ணுதான் லா. வீடு வீடா செக் பண்ணாலும் பண்ணுவாங்க."

மறுநாள் காலை அவர் டியூட்டிக்குப் போனதும் அதை எடுத்தேன். பிரித்துப் போட்டிருக்கலாம். நான்கு திருகு, பத்து நிமிட வேலை. பதற்றத்தில் அதுகூடத் தோன்றவில்லை. ஆனால் கைரேகையைத் துடைக்க வேண்டும் என்பது மட்டும் தோன்றியது! ஈரத்துணியால் துடைத்தேன், கையில் கிடைத்த பேப்பரில் சுற்றினேன், சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டேன். எட்டு மாடிக்கும் அது மோதி மோதி விழுகிற சத்தம் கேட்டது. உயிர் போய் உயிர் வந்தது.

மதியம் ஃபேக்டரி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கீழே இரண்டு போலீஸ் வண்டிகள் நின்றன. குப்பை அள்ளுகிறவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு அலறியிருக்கிறார். என்னைப்போல ஒரு மடைச்சி இந்தத் தீவிலேயே இருந்திருக்க மாட்டாள். அந்தக் குழாய் எங்கள் வீட்டுக்கு மேலும் கீழும் நேர் வரிசையில் இருந்த வீடுகளுக்கு மட்டும் பொது. நான் சுற்றியிருந்தது தமிழ்ப் பேப்பர். அந்த வரிசையில் தமிழ்ப் பேப்பர் வருகிற வீடுகள் இரண்டே இரண்டு. ஒன்று போலீஸ்காரர் வீடு. அதை யார் சந்தேகப்படுவார்கள்? இன்னொன்று நாலாவது மாடியில் தனியாக இருந்த ஐயாவின் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

நான் படியில் இறங்கி நாலாவது மாடிக்கு வந்தபோது அவரை வெளியே கூட்டி வந்துகொண்டிருந்தார்கள். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"பிள்ளை, அடுப்பில பருப்பு வச்சனான். ஒருக்கா நிப்பாட்டிவிடு. இவையள் என்ன கேக்கினம் எண்டே எனக்கு விளங்கேல்ல."

உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். வருடக்கணக்காக அடுக்கி வைத்திருந்த பேப்பர்க் கட்டுகள் பிரிந்து கூடமெங்கும் சிதறிக் கிடந்தன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அங்கே நின்று நான் முதலில் நினைத்தது என் அண்ணனைப் பற்றித்தான். ஐயா ஒன்றும் செய்யாதவர், விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், நான் வாயை மூடிக்கொண்டால் அண்ணனின் மூன்றாவது கோடு பத்திரமாக இருக்கும். இப்படி யோசித்தவள் நான்தான். அதற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம் உண்டு. ஆனால் பருப்புப் பாத்திரத்தில் இருந்தது ஒரு ஆளுக்கான பருப்பு. இந்த மனிதரைத் தேடி ஸ்டேஷனுக்குப் போக யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டாக்சி பிடித்தேன்.

அதே ஸ்டேஷனில்தான் அண்ணனுக்கும் வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "என்ன ஆச்சு? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "அது நான் செஞ்சதுண்ணே," என்றேன். அவருக்குப் புரியவில்லை. மேசைமேல் இருந்த என் துப்பாக்கியை நான் கை காட்டியதும் அவர் முகம் வெளுத்துப்போனது.

இன்ஸ்பெக்டர் ஒரு சீனர். குரலை உயர்த்தாதவர். அதனால் இன்னும் பயமாக இருந்தது. இது பொம்மை சார், படத்தில் வருவது சார் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குழாயின் வாயை மோந்து பார்த்தார், விரலை விட்டுக் கரியை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். சுடாத துப்பாக்கியில் இது எப்படி வந்தது என்றார். மெழுகுவர்த்தி என்றேன். விளிம்பெல்லாம் தேய்ந்திருக்கிறதே, எத்தனை வருடமாகப் புழங்குகிறது என்றார். செய்து முடித்தே இரண்டு மாதம்தான் என்றேன். அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? பொம்மை என்று யாரும் நம்பக் கூடாது என்றுதானே ராத்திரி பகலாகத் தேய்த்தேன்!

டைப்ரைட்டர் துடைக்கிற ஸ்பிரிட் மேசையில் இருந்தது. கேட்டு வாங்கினேன். கைக்குட்டையில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். கரி போனது, கறுப்பு போனது, வெள்ளியும் போனது. என் நான்கு மாத உழைப்பு கைக்குட்டையில் சேறாக வந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு தேய்த்தேன். பித்தளை மஞ்சளாகத் தெரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐயா எட்டிப் பார்த்தார்.

"இது பெற்றோமாக்ஸ் லாம்பின்ர குழாயெல்லோ!"

திருகுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக வரிசையில் வைத்து இன்ன இன்ன சாமான் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். மறுமுனை அடைத்திருந்தது, குண்டு போக வழியே இல்லை. ஐயாவை எழுப்பி, மன்னிப்புக் கேட்டு, வண்டியில் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்போதுதான் அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். இது உன் வீட்டில் இருந்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்று அண்ணன் சொல்வார், அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அவர் விறைத்து நின்று, "யெஸ் சார், எனக்குத் தெரியும்," என்றார்.

வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கடுமையான எச்சரிக்கை, சாமான்கள் பறிமுதல். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அரிசி டின்னை எப்போது திறந்திருப்பார் என்று என் மண்டை குடைந்தது.

"எப்பண்ணே பாத்தீங்க?"

"எத?"

"அதத்தான்."

"இன்னிக்குத்தான். குப்பையிலேர்ந்து எடுத்துட்டு வந்து மேசைமேல வச்சாங்களே, அப்ப."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"தெரியாதுன்னா, போலீஸ்காரன் வீட்டுலயே ஒளிச்சு வச்சவள்னு கேஸ் உம்மேல போவும். தெரியும்னா அது வீட்டுல கெடந்த வெளயாட்டுச் சாமான்." பஸ் வருகிறதா என்று பார்த்தபடியே சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருடம் மூன்றாவது கோடு வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. பேசி வைத்திருந்த பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வருடமும் பதவி உயர்வு நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றி மாட்டுவார். நான் கேட்கத் துணியவில்லை. நான்காவது வருடம் தாங்க முடியாமல் கேட்டேன், உள்ளே அப்படி என்னதான் கேட்கிறார்கள் என்று.

"மொதக் கேள்வியே அதுதான். 'அது வீட்டுல இருந்தது தெரிஞ்சும் ஏன் ரிப்போர்ட் பண்ணல?'"

"எல்லாம் முடிஞ்சு போச்சேண்ணே. எனக்குத் தெரியவே தெரியாதுன்னு இப்பவாவது உண்மையச் சொல்லுங்களேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், இவ்வளவு வருடம் போலீஸ்காரனோடு இருந்தும் இது தெரியாதா என்பதுபோல.

"நான் ஸ்டேட்மெண்ட்ட மாத்துனா, அடுத்து யாரக் கூப்பிடுவாங்க? ஒன்னத்தானே?"

பிறகு, பசிக்கிறது, சோறு போடு என்றார்.