ஐந்து நாள் சராசரியும் செல்லம்மாவின் முறைநாளும்

"உந்தக் கோட்டைக் கீறினது ஆர்?"

கந்தோர் வாசலில் நின்று ஒரு அம்மா இப்படிக் கேட்டபோது நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதிருக்கும். பண்டத்தரிப்புப் பக்கத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறா. கையில் ஒரு பிடி வெங்காயத்தாள், நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. பேர் செல்லம்மா என்றா.

"நான்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. கோடு கீறுவதில் அப்போது எனக்கு நல்ல தலைக்கனம். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் கடைசி அது. கிணற்றுத் தண்ணீர் அளக்கிற ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. எல்லாரும் எனக்கு வைத்த பட்டம் 'கிராப் கிளாக்கர்'.

1. ஐந்தால் பிரிக்கிற சுகம்

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். அளந்த கணக்கு ஒருநாளும் ஒழுங்காய் வராது. மழைமானிக்குள் இலை விழும். வெளியே போய் அளந்து வருகிற ஓவசியர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வருவார். போத்தல் சரியாய்க் கழுவுப்பட்டிராது. வந்ததை வந்தபடி கிராப்பில் குத்தினால் சிந்தின மிளகாய் விதை மாதிரிக் கிடக்கும். அதற்குள் உண்மையான போக்கைத் தேடி எடுப்பதைத்தான் நாங்கள் 'ஸ்மூத் பண்ணுறது' என்போம்.

அதற்குப் பல வழி. கண்மட்டத்தில் கையாலே கீறலாம். பிரெஞ்சு கேர்வ் என்கிற வளைவு அச்சை வைத்துக் கீறலாம். வடகரையில் கப்பல் கட்டுகிற ஓடாவிமார் ஆணிகளுக்கிடையில் மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து வள்ளத்தின் வயிற்றைச் சரிபார்ப்பார்கள். எங்கள் மேசையிலும் அதே வேலைதான், ஆணிக்குப் பதில் ஈயக்கட்டி. இதெல்லாவற்றிலும் லேசானது சராசரி. ஒவ்வொரு நாளுக்கும் முன்பின் நாட்களையும் சேர்த்துக் கூட்டிப் பிரிப்பது. ஆஸ்பத்திரியிலிருந்து காய்ச்சற்காரரின் தொகை வந்தால் ஏழு நாள் சராசரி எடுப்போம். ஞாயிறு நோயாளிக்குத் துண்டெழுதிப் பதிய ஆளிராது, திங்களில் இரட்டிப்பாய் ஏறும், ஏழு நாளையும் சேர்த்தால் இரண்டும் சமன். கடல்மட்டத்துக்கு இருபத்தைந்து மணிச் சராசரி. கடல் ஏறி இறங்குகிற வற்றுப்பெருக்கு அப்படியே அழிந்துபோய் கடலின் சராசரி மட்டம் மட்டும் மிஞ்சும்.

கிணற்று உவருக்கு, அதாவது தண்ணீரிலுள்ள உப்புக்கு, நான் ஐந்து நாள் சராசரி எடுத்தேன். ஏன் ஐந்து? விஞ்ஞானம் ஒரு மண்ணுமில்லை. இரண்டால் பெருக்கிப் பத்தில் புள்ளி வைத்தால் கணக்கு முடிந்தது. சோம்பல் பிடித்த பஞ்சிக்காரனுக்கு ஐந்து நல்ல சிநேகிதன்.

எங்கள் எஞ்சினியர் துரைக்கு வழுக்குகிற கோடென்றால் உயிர். "ஐசே, உம்மடை கோடு பட்டுமாதிரி" என்று முதுகில் தட்டுவார். பிறகு எனக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

2. கருகின வெங்காயம்

செல்லம்மா வந்த விஷயம் இது. அவவின் கிணறு பங்குக்கிணறு, பங்காளிகள் முறைவைத்து இறைப்பது. பங்காளிகளில் ஒருவர் மலாயாவில் வேலைபார்த்துத் திரும்பிய பென்சனியர். ஊரெல்லாம் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்க, அவர் எண்ணெய் மெசின் பூட்டி இறைக்கத் தொடங்கினார். மெசினால் கிணறு உவராகுது என்று செல்லம்மா முறைப்பாடு வைத்தா. எங்கள் ஓவசியர் இரண்டு மாதம் நாள்தோறும் விடியப் போய்ப் போத்தலில் தண்ணீர் எடுத்து வந்தார். நான் சராசரி எடுத்துக் கோடு கீறினேன். கோடு பாய் விரித்தமாதிரிக் கிடந்தது. உவர் ஏறவில்லை என்று றிப்போட் எழுதி, துரை கையெழுத்தும் வைத்தாயிற்று. மறுநாள் அது கச்சேரிக்கு, அரசாங்க அதிபரின் கந்தோருக்கு, போகவேண்டும். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் அதற்கிடையில் ஊரில் சொல்லிப்போட்டார்.

நான் கிராப்பை விரித்துக் காட்டினேன். "பாருங்கோ அம்மா, ஒரு ஏத்தமும் இல்லை."

"கோட்டுக்கென்ன தம்பி, அது வடிவாய்த்தான் கிடக்கு. என்ரை வெங்காயமெல்லோ கருகுது! இந்தப் போகமும் போச்செண்டால் பங்கை வித்துப்போட்டு ஆற்றையேன் தோட்டத்திலை கூலிக்குத்தான் நிக்கவேணும்."

"எல்லாருக்கும் அதே தண்ணிதானே? மற்றவை ஒண்டும் சொல்லேல்லையே?"

"மற்றவைக்கென்ன? என்ரை முறையிலைதான் உவர். பென்சனியர் ஒரு பகல் முழுக்க மெசினாலை உறிஞ்சுவார், அடியிலை கிடக்கிற உப்புத்தண்ணி மேலை ஏறிப்போடும், அடுத்தநாள் என்ரை முறை. எனக்குப் பிறகு எல்லாம் நல்ல தண்ணி."

"எத்தினை நாளுக்கு ஒருக்கால் உங்கடை முறை?"

"அஞ்சு பங்கு தம்பி. அஞ்சு நாளுக்கு ஒருக்கால்."

எனக்குப் பிடரியில் அடித்தமாதிரி இருந்தது. எந்த ஐந்து நாளைச் சேர்த்து எடுத்தாலும் அதற்குள் உவர்நாள் ஒன்று, நல்லநாள் நாலு. கூட்டிப் பிரித்தால் எப்போதும் ஒரே விடைதான் வரும். கடலில் வற்றுப்பெருக்கை வேண்டுமென்று அழித்த அதே வித்தையால், ஒரு மனுசியின் முறைநாளைத் தெரியாமல் அழித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் பங்குக்கிணறுதான். முறை தவறினதென்று என் ஐயாவும் பெரியப்பாவும் ஒரு வருசம் முகம் பாராமல் இருந்தவர்கள். முறை தெரியாமல் வளர்ந்தவனா நான்? வெட்கமாய் இருந்தது.

ஓவசியரின் கொப்பியை எடுத்து அளந்ததை அளந்தபடியே குத்தினேன். நாலு புள்ளி கீழே, ஒன்று மேலே. மறுபடி நாலு கீழே, ஒன்று மேலே. கடைசிவரை அதே கதை.

3. துரையின் அறை

"நீர் என்ன விசரனே? நான் கையெழுத்து வைச்சாச்சு!" துரையின் முகம் சிவந்துபோயிற்று.

"ஓம் சேர். பிழை என்ரைதான்."

"பட்டுமாதிரிக் கோடெண்டு நான் எல்லாரிட்டையும் சொல்லித் திரிஞ்சனான், ஐசே."

வேலை போனதென்றே நினைத்தேன். அவர் இரண்டு கிராப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கனநேரம் பார்த்தார். பிறகு பழைய றிப்போட்டை இரண்டாய்க் கிழித்தார். "புள்ளிகளை அப்பிடியே போடும். முந்திப் பிழைவிட்டனாங்கள் எண்டு ஒரு வரியும் எழுதும். அதுக்கும் நான் கையெழுத்து வைக்கிறன்." அந்த மனிசனில் அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

4. கிணற்றுக்கட்டில்

விசாரணை கிணற்றடியிலேயே நடந்தது. கச்சேரியிலிருந்து ஒருவர், விதானையார், துரை, ஓவசியர், பங்காளிகள். கிராப்பைக் கிணற்றுக்கட்டில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தோம்.

"உது கந்தோரிலை இருந்து குத்தின புள்ளி. மெசினிலை பிழையெண்டு ஆர் சொன்னது?" என்று பென்சனியர் பாய்ந்தார்.

செல்லம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. குனிந்து உயரத்தில் நின்ற ஒரு புள்ளியில் விரலை வைத்தா. "உது என்ரை நாள். அண்டைக்குத்தான் வடக்குப் பாத்திக்கு விட்டனான்." விரல் அடுத்த உயரத்துக்குத் தாவிற்று. "உதுவும் என்ரை நாள். அண்டைக்கு மருமோன் வந்து துலா மிதிச்சவர்." அடுத்தது. அதற்கடுத்தது. ஓவசியர் கொப்பியில் திகதி பார்த்துப் பார்த்து, "ஓம், சரி. ஓம், சரி" என்று தலையாட்டினார். ஒன்றும் பிசகவில்லை.

பென்சனியர் தானும் குனிந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்; ஒவ்வொரு உயரப் புள்ளிக்கும் முதல்நாள் அவருடைய மெசின் நாள். நல்ல மனிசன்தான், மெசின் ஆசை அவ்வளவே. "எனக்கு உது தெரியாது, பிள்ளை" என்றார் மெல்ல. பிறகு எல்லாருக்கும் கேட்க, "இனி விடிய ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். அதுக்குமேலை மெசின் ஓடாது" என்றார். கச்சேரிக்காரர் அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

எனக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு நான் சொன்னது இதுதான்: சராசரி எடுக்கமுதல், இந்தக் கணக்குக்குள் ஆருடைய நாள் கிடக்குதென்று அந்த ஊரில் போய்க் கேளுங்கள். எத்தனை நாளைச் சேர்ப்பதென்று அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அடுத்த போகத்தில் ஓவசியர் மறுபடி போத்தலோடு போய்வந்தார். நான் சராசரி எடுக்கவில்லை, ஈயக்கட்டியையும் தொடவில்லை. ஒவ்வொரு நாளையும் உள்ளபடி குத்திக்கொண்டே போனேன். செல்லம்மாவின் நாள் எதுவென்று தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கை வைக்காமல் தானாய் நேராய்ப் போன கோடு என் உத்தியோக காலத்தில் அது ஒன்றுதான்.