சரிவில் அளந்த எண்ணெய்

கோடைக்கானல் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த சம்சுல் ஆலம் 1936இல் வாங்கிய பழைய கார், இன்ஜின் எண்ணெயைக் குடித்துப் புகையாகக் கக்கியது. மறுநாள் மகளுக்கு நிக்காஹ். வத்தலக்குண்டிலிருந்து மாப்பிள்ளையை அதே காரில்தான் அழைத்து வரவேண்டும்.

வாசல் சரிவில் நின்ற காரின் எண்ணெய் அளவுக்கம்பியை வழக்கம்போல் உருவிப் பார்த்தவர், "இன்னைக்கும் கொறஞ்சு கெடக்கு" என்று எண்ணெய் டப்பாவை எடுத்தார்.

"பொறுங்க," என்றார் மனைவி ரஹ்மத் பீவி. "சரிவுல வச்ச பானையில தண்ணி ஒரு பக்கமாத்தான் நிக்கும். சமதரையில நிறுத்திப் பாருங்க. இல்லேன்னா மாப்பிள்ளை கரிமூட்டை மாதிரி வந்து எறங்குவாரு."

ஏரிக்கரைச் சமதரைக்குத் தள்ளிச் சென்று பார்த்தார்கள். நாள்தோறும் ஊற்றிய எண்ணெய் கம்பியின் மேல்குறியைத் தாண்டி நின்றது! மிகுதியை வடித்ததும் புகை அடங்கியது. சம்சுல் ஆலம் ஹாரனை அடித்துக்கொண்டே மலையிறங்கினார்.

மறுநாள் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே மலையேறி வந்தது.