தைலமரக் கட்டைகளைத் தோண்டிய நிலம்

எட்டு வயதில் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இலங்கையிலிருந்து படகில் வந்தவள் நான். புதுக்கோட்டை முகாமில்தான் படித்தேன், கல்யாணம் கட்டினேன், இரண்டு பிள்ளைகளைப் பெற்றேன். கணவரும் முகாம்காரர். பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து அவருக்குக் கணுக்கால் நொறுங்கியது. நடக்கலாம், ஏணி ஏற முடியாது என்றார் டாக்டர்.

"தரையில நிண்டு செய்யிற வேலை ஏதும் பாப்பம்" என்றார் அவர். "தோட்டம் செய்வம்" என்றேன் நான்.

முகாமுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் தரிசாகக் கிடந்தது. சொந்தக்காரர் துபாயில் இருந்தார். ஊரில் இருந்த அவர் மனைவியிடம், விளைச்சலில் பங்கு தருவதாகச் சொல்லி வாரத்துக்குக் கேட்டோம்.

"தைலமரம் வெட்டுன எடம்ங்க அது. கட்டையெல்லாம் அப்படியே கெடக்கு. யாரு தோண்டுறது?"

"நாங்கள் தோண்டுறம் அக்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து தந்தார். நாங்கள் அதை அலவாங்கு என்போம்.

முகாமிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கட்டையை எடுக்க அரைநாள் பிடிக்கும். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போனது. மழைக்கு முன் நிலத்தை வெறுமையாக்கிக் கடலை போட்டோம். செடி மஞ்சளாக வந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் நாலைந்து பொக்குக் காய்கள்தான். எங்களோடு தோண்டிய பெண்களில் ஒருத்தி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. மரம் இத்தனை வருடம் உறிஞ்சிய மண் ஒரே பருவத்தில் எப்படித் தேறும்?

அடுத்த கோடையில் ஆட்டுக்கிடை போட்டோம். ஒரு வாரம் முந்நூறு ஆடுகள் இரவில் அங்கேயே அடைந்தன. பிறகு பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதோம். மண்ணை அள்ளினால் கையில் ஒட்டத் தொடங்கியது. மிளகாய்க்கு நாற்று விட்டோம்.

நடவு அன்று விடியலிலேயே நாற்றைப் பிடுங்கிவிட்டோம். அப்போதுதான் முகாமிலிருந்து போன் வந்தது: இன்றைக்கு செக்கிங். அதிகாரிகள் ஆள் எண்ணிப் பதிவு பார்க்கும் நாளில் எல்லோரும் முகாமில் இருந்தாக வேண்டும். எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. வெயிலில் நாற்று அதுவரை தாங்காது.

நிலத்துக்கார அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, நாத்தைப் பிடுங்கிப்போட்டம். இப்ப செக்கிங்காம். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

"நாத்து எங்கிட்டு இருக்கு?"

"வரப்பில, ஈரச்சாக்குக்குள்ள."

"நீங்க போயி கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்."

வரிசையில் நின்ற நேரம் முழுக்க மனம் வயலில்தான் இருந்தது. நாலு மணிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். அக்காவும் அவர் தெருப் பெண்கள் ஏழு பேரும் சேற்றுக் காலோடு வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். நிலம் முழுக்க நட்டு முடிந்திருந்தது. எங்கள் கணக்குக்குச் செடிகள் கொஞ்சம் நெருக்கம். என் கணவர் வாயைத் திறந்தார். அவர் காலை மிதித்தேன்.

"என்னங்க, சரியா நட்டுருக்கோமா?" என்று கேட்டார் அக்கா.

"நல்லா இருக்கு அக்கா" என்றேன்.

அந்த மிளகாய் பழுத்தபோது சாலையில் போகிறவர்கள் பைக்கை நிறுத்திப் பார்த்தார்கள். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த நிலத்துக்கார அண்ணன் வயலைச் சுற்றி நடந்துவிட்டு, இன்னும் ஐந்து வருடம் நீங்களே செய்யுங்கள் என்றார்.

போன மாதம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் முகாமுக்கே தேடி வந்தார். "அங்கிட்டு நம்ம எடம் மூணு ஏக்கர் சும்மா கெடக்குதுங்க. நீங்க எடுத்துச் செய்யிறீங்களா?"

"முதல்ல மண்ணையும் கிணத்தையும் பாக்கவேணும்" என்றேன். "பாத்துட்டுச் சொல்லுறன்."