மேனேஜருக்குக் குரல் கொடுத்தவர்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர் பிரேக் எது, கிளட்ச் எது என்பதை மறந்துவிட்டு ஒரு லாரியின் முதுகைக் குறிவைத்துக் காரை ஓட்டிக்கொண்டு போனாலும், "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அவசரமில்ல" என்பார். சொல்லும்போதே தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்துவிடுவார். கற்றுக்கொள்ள வந்தவருக்குத் தானே நிறுத்திய மாதிரி ஒரு திருப்தி. மாஸ்டருக்கு முழங்கால் வலி.

வீட்டில் அப்படி ஒரு பிரேக் கிடையாது. அதற்குப் பதிலாக மேனேஜர் இருந்தான்.

மேனேஜர் என்பது அவர்கள் வீட்டு நாய். துரும்பைக்கூட நகர்த்தாமல் எல்லா அறைக்கும் போய் மேற்பார்வை பார்த்துவிட்டு வருவதால் அந்தப் பதவி கிடைத்தது. ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒன்று தொங்கும். வால் வேறொரு பெரிய நாயிடம் இரவல் வாங்கியது போல இருக்கும். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தெருவிலிருந்து அவள் பின்னாலேயே வந்தவன், அவள் கல்லூரிக்குப் போன பிறகும் சோபாவை விட்டு இறங்கவில்லை.

அவனுக்கு ஒரு குரல் கொடுத்தவர் மாஸ்டர்தான். கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் அலட்சியமாக, பெரிய அதிகாரி தோரணையில் பேசும் குரல். அந்த வீட்டில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம் அந்தக் குரலில்தான் வெளியே வரும். சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்தால் மேனேஜர்தான் குறை சொல்வான். புருஷன் பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசாத நாளில், "நீங்க ரெண்டு பேரும் இப்படி உம்முனு இருந்தா என்னை யார் வெளிய கூட்டிட்டுப் போறது?" என்று அவன்தான் சமாதானத்துக்கு வருவான். மகள் நல்ல மார்க் வாங்கியபோது, "டிரைவர் காருக்குள்ள உக்காந்து அழுதார், எனக்குத் தெரியும்" என்று போட்டுக்கொடுத்ததும் அவன்தான். மாஸ்டரை அவன் டிரைவர் என்றுதான் சொல்வான். தன் குரல் கேட்டதும் நிமிர்ந்த காதையும் தொங்கப்போட்டுக்கொண்டு வாலை ஆட்டுவான்.

மாஸ்டரின் மனைவிக்கு மட்டும் இந்த விளையாட்டு பிடிக்காது. மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் நேருக்கு நேர் பேசிப் பழகியவர். "நாய்க்கு வாயை வாடகைக்கு விட்டுட்டு இந்த மனுஷன் ஊமையா இருக்காரு" என்பார். மேனேஜர் என்ன கேட்டாலும் அவனுக்குப் பதில் சொல்ல மாட்டார். "உங்க நாய்கிட்ட சொல்லுங்க" என்று புருஷனிடம்தான் சொல்வார்.

மாஸ்டரின் தொண்டை கொஞ்ச காலமாகவே கரகரத்தது. ஐஸ் தண்ணீரை நிறுத்தச் சொன்னார் மனைவி. நிறுத்தினார். சரியாகவில்லை. யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போனார். சோதனைக்குச் சதை எடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை முடிவு வந்தது.

"குரல்வளையையே எடுத்தாகணும். தள்ளிப்போடாதீங்க," என்றார் டாக்டர். "திங்கக்கிழமை வீட்ல உள்ளவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"அப்புறம் பேச முடியுமாங்க?"

"பேச வேற வழி பழகிக்கலாம். ஆனா இந்தக் குரல் இருக்காது."

மாஸ்டர் வெளியே வந்து டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறி, பழக்க தோஷத்தில் இடது பக்க சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டீயரிங் முன்னால் யாரும் இல்லை. நின்றுகொண்டிருந்த காரில் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தபடியே வெகுநேரம் இருந்தார். பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். கத்தியை நினைத்துக்கூட அவ்வளவு பயமில்லை. இதை மனைவியிடம் எந்த வாயால் சொல்வது என்பதுதான் பயம். அழுதிருக்கலாம். அதற்கும் அந்த மனிதருக்கு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாய்க் கண்காட்சி. வீட்டு நாய்களுக்கென்று தனியாக ஒரு போட்டி இருக்கிறதென்று மகள் மேனேஜரின் பெயரைக் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அவனைக் குளிப்பாட்டி, துடைத்து, கழுத்தில் புதுப் பட்டை மாட்டி, கூடத்தில் நடை பழக்கினாள். மாஸ்டர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு என்ன கூத்து நடக்கும்னு நான் சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தான் மேனேஜர், மாஸ்டரின் கரகரத்த தொண்டை வழியாக. "முதல்ல இன்னைக்கே சோப்பு போட்டு என் வாசனையை எடுத்துட்டீங்க. நாய்க்கு அதுதானம்மா அடையாள அட்டை. அதைக் கழுவி ஊத்திட்டு, நாளைக்கு 'யாரு நீ?'ன்னு வரிசையில நிக்க வைப்பீங்க."

மகள் சிரித்தாள். "அப்புறம்?"

"அப்புறம் நடுவர்னு ஒருத்தர் வருவார். வந்த மனுஷன் மரியாதையா பின்னாடி மோந்து பாத்து அறிமுகம் ஆவாரா? மாட்டார். நேரா வாயைத் திறந்து பல்லைப் பாப்பார். உங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையை இப்படிப் பாத்திருந்தா தப்பிச்சிருப்பாங்க."

"அதை இப்ப பேசி என்ன பிரயோஜனம்னு உங்க நாய்கிட்ட சொல்லுங்க," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அடுத்து ஓடச் சொல்வாங்க. எங்கே? எங்கேயும் இல்ல, வட்டமா. முன்னாடி ஒரு பூனைகூட ஓடாது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்றதுக்கு எதுக்கு ஓடணும்? நம்ம டிரைவர் பிழைப்பு மாதிரியே இருக்கு. ஜெயிச்சா ஒரு கோப்பை குடுப்பாங்களாம். உள்ள மூக்கை விட்டுப் பாத்தா ஒண்ணுமே இருக்காது!"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அடுப்படியில்கூட ஒரு சிரிப்பு அடக்கப்பட்டது. இதுதான் நேரம் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்த குரல், இதையும் சேர்த்துவிடும் என்று நம்பினார்.

"இதையெல்லாம் இன்னைக்கே சொல்லிடறேன்," என்றான் மேனேஜர். "ஏன்னா இனிமே நான் பேச மாட்டேன். எனக்காகப் பேசற ஆளுக்குத் தொண்டையில கட்டி. குரல்வளையையே எடுக்கப் போறாங்களாம். திங்கக்கிழமை எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வரணும்."

மகள் கையிலிருந்த கயிற்றையே கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அட திருட்டுப் பயலே! போட்டிக்கு வராம தப்பிக்க இப்படி ஒரு சாக்கா?"

"அப்பாடா, இனிமேலாவது இந்த வீட்ல நிம்மதியா இருக்கலாம்," என்று தட்டுகளோடு வந்தார் மனைவி.

மாஸ்டரும் சிரித்தார். வேறென்ன செய்வார்? மேனேஜர் சொன்னால் அது வேடிக்கை என்று அவர்களுக்குப் பழக்கிவைத்தவரே அவர்தானே. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொண்டை வலி என்று சொல்லி எழுந்துகொண்டார், அது உண்மையும்கூட.

மறுநாள் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் கயிறு கட்டிய வட்டம். ஒரு பக்கம் நாய்களுக்கு முடி உலர்த்தும் கருவிகள் ஹோவென்று இரைந்தன. தங்களைவிட நன்றாக வாரிவிட்ட நாய்களோடு மனிதர்கள் கலைந்த தலையுடன் அலைந்தார்கள். மகள் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வட்டத்துக்குள் போனாள். கயிற்றுக்கு வெளியே மாஸ்டரும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

நடுவர் வந்தார். மேனேஜர் சொன்னது போலவே பல்லைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தாடைக்குக் கீழே கையை விட்டு, தொண்டையை விரல்களால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். மேனேஜர் அசையாமல் நின்றான்.

மனைவி ஏதோ சொல்லத் திரும்பினார். புருஷனின் கையும் தன் தொண்டைக்குப் போயிருந்தது. நடுவரின் விரல்கள் எங்கே அழுத்தினவோ, அதே இடத்தில். அவர் கால் பந்தல் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. காரில் விபத்து நெருங்கும்போதுதான் அந்தக் கால் அப்படி மிதிக்கும் என்பது மனைவிக்குத் தெரியும். அதே காரில்தான் அந்த அம்மாளும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்.

சிரித்தது நினைவுக்கு வந்தது. நிம்மதி என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. நேராகக் கேட்டால் இந்த மனிதர் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அதனால் வட்டத்துக்குள் இருந்த நாயைப் பார்த்தபடி, வாழ்க்கையில் முதல் தடவையாக அதனிடம் பேசினார்.

"மேனேஜர்... நேத்து நீ சொன்னது நிஜமா?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். மூக்கால் இழுத்துப் பார்த்தார். அந்த அதிகாரிக் குரல் வரவே இல்லை.

"ஆமா," என்றார் தன் சொந்தக் குரலில். "நிஜம்தான். எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

மனைவி அவர் கையைத் தொண்டையிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்கவும் இல்லை. சொல்லத்தான் செய்தார் என்பது தெரியுமே.

ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். கைதட்டல் கேட்டது. மகள் மேனேஜரை இழுத்துக்கொண்டு, கையில் ஒரு சின்னக் கோப்பையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மூணாவது பரிசு! அப்பா, மேனேஜர் என்னப்பா சொல்றான்? சொல்லுப்பா!"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு நாயின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். மூக்கால் பேச முயன்றார். பழக்கமில்லாத குரல் கீச்சென்று எங்கேயோ ஏறி, பாதியில் உடைந்தது.

"நேத்து நான் விளையாட்டுக்குச் சொல்லலம்மா. நாளைக்கு நாம எல்லாரும் நம்ம டிரைவர்கூட ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மேனேஜர் தலையைச் சாய்த்து அந்த அம்மாளையே பார்த்தான். பிறகு நிமிர்ந்த காதை மெல்லத் தொங்கப்போட்டுக்கொண்டு வாலை ஆட்டினான்.

மகள் சிரிக்கவில்லை.