பெரிய வெள்ளியில் அறுத்த மான்

அந்தோனியம்மாளுக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். மலாயாவில் பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருபது வருஷம் பால் வெட்டியவள். புருஷன் ஜப்பான்காரன் காலத்துச் சயாம் ரயில் வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. பயந்து கட்டிக்காக்க அவளிடம் வேறொன்றும் மிச்சமில்லை. பயமில்லாத பொம்பளையைத்தான் நம் ஆட்கள் வாயாடி என்பார்கள்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, காட்டுப்பக்கம் தலைவைக்காதே என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காட்டுக்கறி தின்று பழகிய நாக்குகள் கருவாட்டைச் சபித்துக்கொண்டிருந்தன. அப்படி ஒரு பெரிய வெள்ளிக்கிழமை விடியலில் வேலியில் மான் ஒன்று மாட்டிக் கிடந்தது. பட்டாளத்தின் பீரங்கிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவந்திருக்கும். பின்னங்கால் இரண்டும் முறிந்து, வயிற்றைக் கம்பி கிழித்திருந்தது.

மண்டோர் ஆம்புரோஸ் வந்து பார்த்தார். வாரநாளில் கூலிகளை மேய்க்கும் மண்டோர், கோயிலில் சாமியார் வராத நாளெல்லாம் செபம் நடத்தும் உபதேசியார். இரண்டு உத்தியோகத்துக்கும் அவருக்கு ஒரே குரல்தான்.

"இன்னைக்கு ஒருசந்தி, கறி ஆகாது. ரத்தம் சிந்தக்கூடாது. கட்டிப் போடுங்க. நாளைக்குச் சாயங்காலம் அறுத்தா ஞாயித்துக்கிழமைக் கொழம்புக்குச் சரியா இருக்கும்லா."

ஐஸ் பெட்டி துரை பங்களாவில் மட்டும்தான் உண்டு. அதனால் கறி கெடாமலிருக்க மான் உயிரோடு கிடக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட பக்தி பாருங்கள்.

"நாளை வரைக்கும் அது இப்படியே துடிக்கணுமா மண்டோரே?" என்றாள் அந்தோனியம்மாள்.

"மிருகத்துக்கு ஏது ஆத்துமா? ஞானோபதேசம் படிக்கலியா நீ?"

"வலி இருக்குல்ல."

மானைக் கோயிலின் பின்பக்கத் தூணில் கட்டினார்கள். அவள் ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுபோனாள். அதற்குத் தலை தூக்க முடியவில்லை. முந்தானையை நனைத்து வாயில் பிழிந்தாள்.

மத்தியானம் சிலுவைப் பாதை. ஆண்டவர் கைகால்களில் ஆணி அடிக்கும் இடம் வந்ததும் பெண்கள் மூக்கைச் சிந்தி அழுதார்கள். அந்த நேரம் பார்த்து பின்னாலிருந்து மான் கத்தியது. குழந்தை கத்துவதுபோல இருந்தது. ஆம்புரோஸ் கையை உயர்த்தி, உரக்கப் பாடச் சொன்னார். உரக்கப் பாடினார்கள். அது மறுபடி கத்தியது. இன்னும் உரக்கப் பாடினார்கள்.

அந்தோனியம்மாள் எழுந்தாள். லயத்துக்குப் போய்ப் பாராங் கத்தியை எடுத்துவந்தாள். மானின் கண்ணை ஒரு கையால் மூடி, சிலுவை போட்டு, ஒரே வெட்டில் முடித்தாள்.

பாட்டு நின்றது. எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள்.

"ஆண்டவர் பாடுபட்ட நாள்ல ரத்தம் சிந்திட்டியே, பாவி," என்றார் ஆம்புரோஸ்.

"ஆண்டவருக்கு மூணு மணி நேரத்துல முடிஞ்சிருச்சு. நீங்க இதுக்கு ரெண்டு நாள் போட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை, காவல் வண்டியோடு பூசைக்கு வந்த சாமியாரிடம் ஆம்புரோஸ் முந்திக்கொண்டார். பெரிய வெள்ளியில் கொலை செய்தவள், இன்னும் மனம் வருந்தவில்லை என்று காதில் ஓதினார். சாமியாருக்கு அடுத்த தோட்டத்துக்குப் போகும் அவசரம், விசாரிக்காமலே அவளுக்கு நன்மை அப்பம் கிடையாது என்றுவிட்டார். உயிர்த்த ஞாயிறன்று நன்மை கிடைக்காமல் கடைசி வரிசையில் முழங்காலில் நின்றாள் அந்தோனியம்மாள். அதுவரை ஒரு பண்டிகைக்கும் அவளுக்கு நன்மை தவறியதில்லை.

பூசை முடிந்து லயத்துக்கு நடந்தாள். மண்டோர் வீட்டு வாசலில் மசாலா வாசம் தூக்கலாக அடித்தது. மான்கறியை வெள்ளிக்கிழமையே உப்பும் மஞ்சளும் தடவி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஆம்புரோஸின் மனைவி ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துவந்து, "நீ அறுத்ததுதானேக்கா, உனக்கும் பங்கு வேணாமா?" என்றாள்.

"என் பங்கைத்தான் காலையில கோயில்லயே குடுத்துட்டாங்களே," என்று சொல்லிவிட்டு அந்தோனியம்மாள் தன் வீட்டுக்குப் போய்க் கருவாட்டைச் சுட்டாள்.