கோவாக் கடலில் விட்ட கை

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றுகூடச் சோடை போகவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் என் எழுத்தை நானே எழுதுவேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிற என் சின்ன மகள், பொங்கல் லீவில் என்னையும் நாலாவது படிக்கிற தன் மகளையும் கோவாவுக்கு அழைத்துப் போனாள். பார்க்க வேண்டிய ஊர்தான். போர்த்துகீசியர் கட்டிவிட்டுப் போன வீடுகள் மஞ்சளும் நீலமுமாக நின்றன. சன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி பதித்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்று சர்ச்சுகள். அங்கேயே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை கடலுக்குப் போனோம். தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. மணல் நடுவே ஒரு பாறை, அதன்மேல் பழைய கல் சிலுவை. மகள் டீ வாங்கப் போயிருந்தாள்.

“ஆயா, அந்தச் சிலுவை வரைக்கும் போலாமா? பயமா இருக்குதா உனக்கு?” என்றாள் பேத்தி.

“எனக்கு இன்னா பயம்? நம்ம பாலாறு மாதிரி மணலாத்தான் கெடக்குது. வா.”

பாலாற்றில் காலையில் நடந்த இடத்தில் சாயங்காலமும் நடக்கலாம். கடலையும் அப்படித்தான் நினைத்தேன். பாறையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வந்த வழி முழுக்கத் தண்ணீர்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முழங்கால், பிறகு இடுப்பு. பேத்திக்குக் கழுத்துவரை வந்துவிட்டது. காலடி மணல் நழுவியது. கரையில் மகள் வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. ஒரு அலை அடித்தது. வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து முதலில் பேத்தியையும் பிறகு என்னையும் இழுத்துப் போட்டார்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். “ஏன் ஆயா, கோவா போய் நீச்சல் கத்துகினியா?”

“நீச்சல் தெரியாட்டி இன்னா? புள்ள கைய உட்டனா நான்?”

கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். ஒவ்வொரு முறையும் பேத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். போன வாரம் பள்ளிகொண்டாவில் ரோடு தாண்டும்போது கை நீட்டினேன். அவள் என் பையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது வந்த பயம் கடலில்கூட வரவில்லை.

அலை அவளைப் பிடுங்கவில்லை. நான்தான் விட்டேன், என் உயிருக்குப் பயந்து.

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். இதையெல்லாம் எழுதிய தாளை அவளிடம் கொடுக்கிறேன்.

“இத படி, கண்ணு. உங்கம்மாவுக்கும் கேக்கட்டும், சத்தமா படி.”