போர் வண்டியும் இமயமலையும்

இமயமலையைக் காப்பாற்றுவதற்காகக் காரிமங்கலத்துப் பக்கம் மண்ணில் படுத்தவள் அநேகமாக நான் ஒருத்திதான். மாமா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அப்பா ராணுவத்தில் இருந்தார். அந்த வருஷம் அவருக்கு இமயமலைப் பக்கம் வேலை. அங்கே நிலநடுக்கம் என்று டிவியில் சொன்ன நாளில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் நலமாக இருப்பதாக அப்பா போன் செய்தார். அதற்குப் பிறகுதான் அம்மா அழுதாள்.

அம்மாவின் தம்பியான மாமா, சேலத்தில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தவர், லீவுக்கு வந்திருந்தார். மலை ஏன் ஆடுகிறது என்று கேட்டேன். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. அம்மா கிண்டிக்கொண்டிருந்த களிச்சட்டியைக் காட்டிப் பாடம் நடத்தினார். இரண்டு நிலத்தட்டுகள் முட்டிக்கொண்டதால் மலை எழுந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லையாம். அடியில் போன தட்டின் கனமான பகுதி பிய்ந்து, பூமியின் ஆழத்துக்கு இறங்குமாம். அது விட்ட இடத்துக்குச் சூடான பாறை, களி நகர்வதைப்போல, லட்சக்கணக்கான வருஷம் எடுத்துக்கொண்டு மேலே வருமாம்.

"அடியில நடக்கற இழுபறி மேல இருக்கற மலையயும் சேத்து இழுக்குது பாப்பா. தாங்காத எடத்துல படக்குனு ஒடையுது" என்றார். களி கட்டிதட்டுகிறது என்று அம்மா துடுப்பைக் காட்டி அவரை விரட்டினாள்.

அடுத்த வாரம் எங்கள் காட்டுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வந்தது. கிணறு வற்றி, தக்காளி நாற்று வாடிக்கொண்டிருந்ததால் தாத்தா ஏற்பாடு செய்திருந்தார். தண்ணீருக்குப் பதிலாகக் குழியிலிருந்து வெள்ளையாகப் பாறைத்தூள்தான் கிளம்பியது. எனக்கு அது புகை. மேலே இழுத்துப் போட்ட இரும்பைத் தொட்டேன், சுட்டது. போதாதா? சூடான பாறையைக் குத்திவிட்டார்கள், அப்பா இருக்கும் மலை ஆடப்போகிறது. குழிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஊரைக் கூட்டினேன்.

பூமிக்கு நம் போர் கொசுக்கடிகூட இல்லை என்று மாமா கெஞ்சினார். அவருடைய பாடத்தை நம்பினேன், அவரை நம்பவில்லை. கடைசியில் தாத்தா வண்டியை நிறுத்தச் சொல்ல, அம்மா அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அப்பா, இங்க போர் போடறாங்க. அங்க ஆடுதுங்களா?"

தகரத்தட்டுகள் கொட்டும் சத்தம் கேட்டது. யாரோ இந்தியில் கத்தினார்கள்.

"இல்ல கண்ணு, ஒண்ணும் ஆடல. நல்லா ஆழமா போடச் சொல்லு."

என்ன சத்தம் என்றேன். சமையல்காரர் பாத்திரம் கழுவுகிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நான் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, வண்டிக்காரருக்குப் பெரிய மனசோடு அனுமதி கொடுத்தேன். சாயந்திரம் தண்ணீர் பீறிட்டது. தாத்தா உட்பட எல்லோரும் நனைந்து கூத்தடித்தோம். பெரிய நடுக்கத்துக்குப் பின்னால் சின்ன நடுக்கங்கள் வந்துகொண்டே இருக்கும் என்பதை மாமா அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் வேப்பமரத்தடியில் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு தண்ணீர் வந்தும் சந்தோஷப்படத் தெரியவில்லையே என்று அன்றிரவு நான் அவளோடு பேசவில்லை.